துருவ ஆய்வில் காலூன்ற நினைக்கும் இளம் ஆய்வாளருக்கு

கேள்வி இது: “கடலியலில் முதுகலை முடித்துவிட்டு முனைவர் பட்ட ஆய்வில் சேரப் போகிறேன். துருவப் பகுதி ஆய்விலேயே நிலைத்து நிற்க ஆசை. இளம் ஆய்வாளருக்கு உண்மையில் என்னென்ன வழிகள் திறந்திருக்கின்றன? பனியை நேரில் பார்க்காமலே இந்தத் துறையில் பெயர் எடுக்க முடியுமா? பட்டத்துக்குப் பிறகு வேலை கிடைக்குமா?”

நடுக்கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்துவிடும். முடியும். துருவ ஆய்வு என்றதும் எல்லோர் மனத்திலும் பனியுடைக்கும் கப்பலும் தடித்த சிவப்பு அங்கியும்தான் வருகின்றன. ஆனால் செயற்கைக்கோள் தரவையும் கணினி மாதிரியையும், யாரோ எப்போதோ எடுத்து வந்து குளிர்கிடங்கில் வைத்த மாதிரிகளையும் கொண்டே வாழ்நாள் முழுக்க முதல்தர வேலை செய்தவர்கள் இந்தத் துறையில் ஏராளம். களப்பயணம் ஒன்று கிடைத்துவிட்டால் வாழ்க்கை அமைந்துவிடும் என்று நம்பி, வந்த வாய்ப்பிலெல்லாம் ஏறிக்கொண்டு, கடைசியில் கையில் கட்டுரை இல்லாமல் நிற்பவர்களும் உண்டு. பயணக் குழுவைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒவ்வொரு படுக்கைக்கும் கணக்குப் பார்ப்பவர்கள். இவர் வந்தால் எந்த வேலை நடக்கும் என்பதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி. ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளில் நீங்கள் தேட வேண்டியது டிக்கெட்டை அல்ல, பிறருக்குத் தேவைப்படும் ஒரு திறனை.

இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 2018இல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் நொடிக்கு 10,000 லேசர் துடிப்புகளை ஆறு கற்றைகளாகத் தரைக்கு அனுப்புகிறது. 91 நாளுக்கு ஒருமுறை அதே தடத்துக்குத் திரும்பி வருகிறது. தரவு முழுவதும் இலவசம்; யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு பனியாற்றின் மேற்பரப்பு ஓராண்டில் ஒரு மீட்டர் இறங்கியிருக்கிறது என்று அதிலிருந்து கண்டுபிடிப்பது இன்று ஒரு நல்ல மாணவருக்குச் சில வார வேலை. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்த ஒரு மீட்டர் உண்மையில் எவ்வளவு நீர்? திடமான பனிக்கட்டியின் அடர்த்தி கன மீட்டருக்கு 917 கிலோ. மேலே கிடக்கும் பனிப்பொழிவு காற்றில் இறுகியிருந்தாலும் 300, 400 கிலோதான் தேறும். போதாக்குறைக்கு, ஒரு துளி நீர்கூட உருகி ஓடாமல், பழைய பனி தன் எடையிலேயே அமுங்கியும் மேற்பரப்பு இறங்கும். திரையில் தெரியும் எண் இவற்றையெல்லாம் பிரித்துச் சொல்லாது. பனியில் குழி தோண்டி, அடுக்கடுக்காக எடைபோட்டு, அடர்த்தியை எழுதிவைத்தவர்களின் குறிப்பேடு வேண்டும். திரைக்கும் குழிக்கும் நடுவில் நின்று இரண்டையும் இணைக்கத் தெரிந்தவருக்கு எந்தக் குழுவிலும் இடம் உண்டு. அப்படிப்பட்ட இடைவெளி ஒவ்வொரு துணைத்துறையிலும் இருக்கிறது. கடல்பனியில் அது பனித்தளத்தின் மேல் படிந்த பொழிவின் தடிமன். கடலியலில், பனி மூடிய மாதங்களில் யாரும் அளக்காத நீரடுக்குகள். உங்களுக்கானது எது என்று தேடுங்கள்.

தரவுக்குப் பஞ்சமில்லை. கடல்பனிப் பரப்பின் இடைவிடாத செயற்கைக்கோள் பதிவு 1978 இறுதியிலிருந்து இருக்கிறது. கிரையோசாட்-2 செயற்கைக்கோள் 2010 முதல் பனியின் உயரத்தை அளக்கிறது. ஜெர்மனியின் பனியுடைப்புக் கப்பலான போலார்ஷ்டெர்ன் 2019 இலையுதிர் காலத்தில் ஆர்க்டிக் பனியோடு தன்னைப் பிணைத்துக்கொண்டு ஏறத்தாழ ஓராண்டு மிதந்து சென்ற மொசாயிக் பயணத்தின் தரவுகள் 2023 முதல் பொதுவில் கிடைக்கின்றன. அந்தப் பயணத்துக்குச் செலவான பணத்தை நினைத்தால், அதன் தரவில் இன்னும் தொடப்படாமல் கிடக்கும் பகுதி இருப்பது வியப்பாகவே இருக்கும். பங்கேயா என்ற ஜெர்மானிய அறிவியல் தரவுக் களஞ்சியத்தில் ஒரு மாலை செலவிட்டுப் பாருங்கள். ஒரு கட்டுரைக்காகப் பயன்பட்டு, அதோடு மறக்கப்பட்ட அளவீடுகள் அங்கே வரிசைகட்டி நிற்கின்றன.

அதற்காகக் களமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருமுறையாவது போனவருக்கு எண்களின் பிழை எங்கிருந்து வருகிறது என்பது புரியும். பனிக்கட்டித் துளையீட்டு முகாம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வடகிழக்கு கிரீன்லாந்தின் ஈஸ்ட்கிரிப் முகாமில் 2023 கோடையில் துளை 2,600 மீட்டருக்கும் கீழே, அடிநிலம் வரை போய்ச் சேர்ந்தது. அங்கே வெளியே எடுத்த பனிக்கட்டி உருளையை 55 சென்டிமீட்டர் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் தனிப்பையில் இட்டு, எண்ணிட்டு, எது மேல்முனை என்று குறித்து வைப்பார்கள். பெரும்பாலும் இந்த வேலைக்கு வருபவர்கள் மாணவர்களும் இளம் ஆய்வாளர்களும்தான். பனி காலவரிசைப்படி அடுக்கடுக்காகப் படிந்திருப்பதால், ஒரு துண்டைத் தலைகீழாக வைத்துவிட்டால், அந்த 55 சென்டிமீட்டருக்குள் கடந்த காலம் முன்னோக்கி ஓடுவதற்குப் பதில் பின்னோக்கி ஓடும். விறைத்த விரல்களோடு எழுதுகோலைப் பிடித்து அந்த எண்ணை எழுதிப் பார்த்தவர், பிற்பாடு எந்தத் தரவு அட்டவணையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டார்.

களத்துக்கு நுழைவாயில் எங்கே? மாணவருக்கு மிக எளிய வழி, நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் லாங்யர்பீயன் என்ற ஊரில் உள்ள யுனிஸ் பல்கலைக்கழக மையம். 1993இல் தொடங்கியது, 78 பாகை வடக்கில் இருக்கிறது. வேறொரு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே இங்கே சில வாரங்களோ ஒரு பருவமோ பாடம் எடுக்கலாம். நுழைந்ததும் பாதுகாப்புப் பயிற்சி. பனிக்கரடி நடமாடும் இடம் என்பதால் துப்பாக்கி சுடவும் கற்றுத் தருவார்கள். பனியாற்றியலுக்கு இரண்டு கோடைப்பள்ளிகள் பெயர் பெற்றவை. ஒன்று, இத்தாலிய ஆல்ப்ஸில் கார்ட்ஹவுஸ் என்ற ஊரில் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் நடத்துவது. மற்றொன்று, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அலாஸ்காவின் மெக்கார்த்தியில் நடப்பது. இரண்டிலும் பாடத்தைவிட உடன் தங்குபவர்கள் முக்கியம். பத்து ஆண்டு கழித்து உங்கள் கட்டுரையை மதிப்பிடுபவரும் உங்கள் திட்டத்தில் கூட்டாளியாவதும் அந்த அறையில் பக்கத்தில் உட்கார்ந்தவராகத்தான் இருப்பார். நிலையங்களுக்குப் போக வேண்டுமென்றால், சொந்த நாட்டுக்கு நிலையம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. 2024இல் தொடங்கிய ஐரோப்பியத் திட்டமான பொலாரின், பல நாடுகளின் நிலையங்களையும் கப்பல்களையும் மாதிரிக் களஞ்சியங்களையும் வெளியாருக்குத் திறந்துவிடுகிறது. நல்ல திட்டம் எழுதிக் கொடுத்துத் தேர்வானால் செலவைக் கணிசமாக அதுவே ஏற்கும்.

பலர் எட்டிப் பார்க்காத இன்னொரு கதவு உண்டு: குளிர்காலத் தங்கல் வேலை. அண்டார்க்டிகாவில் உள்ள ஜெர்மனியின் நொய்மாயர்-3 நிலையம் ஆண்டுதோறும் சிறு குழு ஒன்றை நியமிக்கிறது. மருத்துவர், சமையல்காரர், பொறியாளர்களோடு வானிலை, காற்று வேதியியல், புவி இயற்பியல் அளவீடுகளைக் கவனிக்க இளம் அறிவியலாளர்களும் அதில் இருப்பார்கள். தென்துருவத்தில், நியூட்ரினோ என்னும் நுண்துகள்களைத் தேடும் ஐஸ்கியூப் ஆய்வகத்தைக் குளிர்காலம் முழுக்க இரண்டே பேர் பார்த்துக்கொள்கிறார்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏறத்தாழ எட்டு மாதம் வழக்கமான விமானம் வராது. இதெல்லாம் சம்பளத்தோடு கூடிய வேலை. ஆனால் இது ஆராய்ச்சிக்கான ஆண்டாக இருக்காது. கருவிகளை உயிரோடு வைத்திருக்கும் ஆண்டாக இருக்கும். முனைவர் பட்டத்துக்கு முன்போ, முடித்த உடனேயோ போகலாம். நடுவில் போனால் ஆய்வேடு அப்படியே உறைந்துபோகும்.

போவதற்கு முன் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் அறிவியலோடு தொடர்பில்லாதவை. ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை என்று எங்கும் எழுதியிருப்பார்கள். உண்மைதான், ஆனால் நார்வே வழியாகத்தான் போக வேண்டும், ஸ்வால்பார்டோ ஷெங்கன் எல்லைக்கு, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் பகுதிக்கு, வெளியே இருக்கிறது. ஆகவே ஷெங்கன் விசா தேவைப்படும் நாட்டவர் இருமுறை நுழைவுக்கான விசா வாங்கியாக வேண்டும். ஒற்றை நுழைவோடு போனால் திரும்பும் வழியில் மாட்டிக்கொள்ள நேரிடும். அண்டார்க்டிகாவுக்கு மருத்துவச் சான்று கடுமையானது. பல்லைக்கூடச் சோதிப்பார்கள், பாதி முளைத்த ஞானப்பல் ஒன்று பயணத்தையே தள்ளிப்போட வைக்கும். ஆஸ்திரேலிய நிலையங்களில் குளிர்காலம் தங்கும் மருத்துவர் தன் குடல்வாலை முன்னரே அகற்றியிருக்க வேண்டும் என்ற விதி உண்டு. அங்கே அவருக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேறு மருத்துவர் இல்லை என்பதுதான் காரணம். ஸ்வால்பார்டின் நியூ ஆலசுண்டில் பல நாட்டு நிலையங்கள் ஒரே ஊரில் இருக்கின்றன. அங்குள்ள நுண்ணிய அளவீட்டுக் கருவிகளுக்காக வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துவைக்க வேண்டும். கம்பியில்லாத் தொடர்பை நம்பி வடிவமைத்த உணர்கருவியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போய் இறங்கினால் திண்டாட்டம்தான்.

ஆர்க்டிக் வெறும் நிலப்பரப்பு அல்ல, மக்கள் வாழும் ஊர். கனடாவின் நுனாவுட் பகுதியில் ஆய்வு உரிமம் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது. அங்குள்ள பழங்குடிகளான இனுயிட் மக்களின் தேசிய அமைப்பு 2018இல் ஆராய்ச்சிக்கான தன் கொள்கையையே வெளியிட்டது: எதை ஆராய்வது, தரவு யாருக்குச் சொந்தம், பணம் யார் கைக்குப் போகிறது என்ற மூன்றிலும் தங்களுக்குச் சொல் இருக்க வேண்டும் என்கிறது அது. முனைவர் பட்டத் திட்டம் எழுதும்போதே இதற்கென ஓராண்டு ஒதுக்குங்கள். ஊர்க்காரர்களைக் கடைசிப் பத்தியில் நன்றிக்காக மட்டும் சேர்க்கும் பழக்கம் இனி எடுபடாது.

பாதுகாப்பு பற்றிப் பேசும்போது கரடியோடும் பனிப்பிளவோடும் நிறுத்திக்கொள்ளும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க அண்டார்க்டிகத் திட்டத்தில் பாலியல் துன்புறுத்தல் எவ்வளவு பரவியிருந்தது என்பதை 2022இல் அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளை வெளியிட்ட அறிக்கையே காட்டியது. முகாமில் தலைவரும் முறையீட்டைக் கேட்பவரும் ஒரே ஆளாக இருந்தால், வானொலியும் அவர் கையிலேயே இருந்தால், இளையவர் எங்கே போவார்? பயணத்துக்குச் சம்மதிக்கும் முன் கேளுங்கள்: எழுதப்பட்ட நடத்தை விதி இருக்கிறதா, முகாமுக்கு வெளியே யாரிடம் முறையிடலாம், செயற்கைக்கோள் தொலைபேசியைக் கேள்வி கேட்காமல் எடுக்க முடியுமா. இதைக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் குழுவோடு போகாதீர்கள். இழப்பு ஒன்றுமில்லை.

இனி அமைப்புகள். ஏபெக்ஸ் என்ற துருவ இளம் ஆய்வாளர் சங்கம் பல நாடுகள் சேர்ந்து துருவங்களை ஆராய்ந்த 2007–08 பன்னாட்டுத் துருவ ஆண்டை ஒட்டிப் பிறந்தது. உறுப்பினராகக் கட்டணம் இல்லை. வேலை அறிவிப்புகளும் இணையவழிக் கருத்தரங்குகளும் அதில் கிடைக்கும். அதைவிடப் பயனுள்ளது, பெரிய அமைப்புகளின் குழுக்களில் இளையோருக்கு அது பெற்றுத்தரும் இருக்கை. அண்டார்க்டிக ஆய்வுக்கான பன்னாட்டு அறிவியல் குழுவான ஸ்கார் 1958இலிருந்து இருக்கிறது, ஆர்க்டிக்குக்கான ஐ.ஏ.எஸ்.சி. 1990இலிருந்து. இரண்டின் கூட்டங்களிலும் மூத்தவர்கள் அடுத்த பத்தாண்டின் திட்டங்களைப் பேசும் அறையில் நீங்கள் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். குறிப்பெடுப்பவரை எல்லோருக்கும் நினைவிருக்கும். உறைமண், அதாவது ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும் நிலம், பற்றிய ஆய்வுக்கு வருபவர்களுக்குப் பி.ஒய்.ஆர்.என். என்ற தனி இளையோர் வலையமைப்பும் உண்டு. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி. கடலையும் பூமியின் பனிப்பகுதிகளையும் பற்றி 2019இல் வெளியிட்ட சிறப்பறிக்கையின் வரைவை ஏபெக்ஸ் உள்ளிட்ட இளம் ஆய்வாளர் அமைப்புகள் கூட்டாகப் படித்துக் கருத்து அனுப்பின. முனைவர் பட்டம் முடிக்காதவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். பிறர் எழுத்தை மதிப்பிடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளி கிடையாது.

பணத்துக்கு வருவோம். ஸ்கார் ஆண்டுதோறும் தரும் உதவித்தொகை, இளம் ஆய்வாளர் வேறொரு உறுப்பு நாட்டின் ஆய்வகத்துக்குப் போய் வேலை செய்வதற்கானது. ஐ.ஏ.எஸ்.சி.யின் ஐந்து பணிக்குழுக்களும் இளம் ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுத்துத் தங்களோடு இணைத்துக்கொள்கின்றன. கூட்டங்களுக்குப் பயணச் செலவு கிடைக்கும். பட்டத்துக்குப் பிறகு ஐரோப்பாவின் மேரி கியூரி உதவித்தொகை எந்த நாட்டவருக்கும் திறந்தது. பட்டம் பெற்று 8 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். போகவிருக்கும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. இந்தப் பின்விதியைக் கவனிக்காமல், முதலில் குறுகிய ஒப்பந்தத்தில் அதே நாட்டுக்குப் போய்விட்டு, பிறகு விண்ணப்பிக்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. இளையவர் என்பதற்கு ஒவ்வொரு அமைப்பும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியம் கடைசிப் பட்டத்திலிருந்து 7 ஆண்டு என்கிறது, வேறு சில இடங்களில் 5. மகப்பேறு, நோய் போன்றவற்றுக்காக எடுத்த விடுப்பைப் பெரும்பாலான இடங்களில் கழித்துக்கொள்வார்கள், கேட்டால்தான் கழிப்பார்கள். பட்டம் வாங்கும் தேதியை ஓரிரு மாதம் முன்பின் நகர்த்த முடியுமானால், இந்தக் கணக்கையெல்லாம் பார்த்துவிட்டு நகர்த்துங்கள்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது எந்த உதவித்தொகையைவிடவும் பெரிய முடிவு. அவருடைய பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். முதல் ஆசிரியராக மாணவர்கள் எழுதிய கட்டுரைகள் எத்தனை, இடையில் விட்டுப் போனவர்கள் யாராவது உண்டா என்று அவருடைய மாணவர்களிடமே கேளுங்கள். அவருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் பனியின் மீது சிறுவயது முதல் உள்ள காதலைப் பற்றி எழுத வேண்டாம். அதை அவர் நூறு தடவை படித்திருப்பார். அண்மையில் வந்த அவருடைய கட்டுரை ஒன்றின் தரவை இறக்கி, ஒரு படத்தை நீங்களே மறுபடி வரைந்து, அதில் எழுந்த ஒரு கேள்வியோடு ஆறேழு வரியில் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் படம் வரையக் கற்றுக்கொண்டது மிச்சம்.

ஆய்வேட்டை ஒரே ஒரு களப்பருவத்தின் மேல் கட்டாதீர்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2020–21 அண்டார்க்டிகப் பருவத்தைக் கோவிட் சுருக்கியது. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்யாவோடு மேற்கத்திய நிறுவனங்களின் கூட்டுப்பணி நின்றது. சைபீரியாவின் லீனா ஆற்றுக் கழிமுகத்தில் உள்ள சமோய்லோவ் தீவில் ஜெர்மானியரும் ரஷ்யரும் சேர்ந்து நடத்திய உறைமண் ஆய்வை நம்பியிருந்த மாணவர்கள் ஒரே வாரத்தில் களத்தை இழந்தார்கள். 2023இல் அமெரிக்கா, அண்டார்க்டிகாவில் உள்ள தன் மெக்மர்டோ நிலையத்தின் கட்டுமான நெருக்கடியால் புதிய களப்பணித் திட்டங்களைச் சில பருவங்களுக்குக் கேட்கப்போவதில்லை என்று அறிவித்தது. தரவு மட்டும் சாசுவதம் என்றும் நினைக்க வேண்டாம். கடல்பனிப் பதிவின் முதுகெலும்பாக இருந்த அமெரிக்கப் படைத்துறைச் செயற்கைக்கோள்களின் தரவு 2025 நடுவில் நிறுத்தப்படும் என்று அறிவித்தார்கள்; எதிர்ப்பு கிளம்பிய பின் தவணை நீட்டித்தார்கள். ஆகவே ஆய்வேட்டின் மூன்று அதிகாரங்களில் ஒன்று களத்தை நம்பலாம், ஒன்று இன்றே கையில் இருக்கும் தரவை, ஒன்று கணினி மாதிரியை. களம் கவிழ்ந்தாலும் பட்டம் கவிழாது.

வேலைக் கேள்விக்கு இனிப்புத் தடவாமல் பதில் சொல்கிறேன். நிரந்தர ஆய்வுப் பணி குறைவு. இரண்டு மூன்று தற்காலிக ஒப்பந்தங்கள், அதற்காக இரண்டு மூன்று நாடுகள் என்பதே வழக்கமான பாதை. குடும்பத்தோடு இருப்பவருக்கு இது பெரிய விலை. அதை விரும்பாதவர் துறையைக் குறைவாக நேசிக்கிறார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு வெளியே இடம் இருக்கிறது. கனடா, நார்வே, அமெரிக்கா போன்ற நாடுகளின் பனிச் சேவை அமைப்புகள் கப்பல்களுக்காகக் கடல்பனி வரைபடம் தயாரிக்கின்றன. ராடார் படத்தைப் பார்த்துப் பனியின் வயதைச் சொல்லத் தெரிந்தவர்களை அவை தேடுகின்றன. விண்வெளி நிறுவனங்கள், தரவு மையங்கள், துருவத் தளவாடப் பிரிவுகள், அண்டார்க்டிக ஒப்பந்தக் கூட்டங்களுக்கு அறிவியல் ஆலோசனை எழுதும் அரசு அலுவலகங்கள் என்று பட்டியல் நீளும். இவற்றில் எங்கு போனாலும் கேட்கப்படுவது நிரல் எழுதும் பழக்கம், தரவை ஒழுங்காக ஆவணப்படுத்தும் பழக்கம், எளிய மொழியில் இரண்டு பக்கம் எழுதும் பழக்கம். மூன்றையும் ஆய்வேட்டின் போதே வளர்த்துக்கொள்ளலாம், தனியாக எதுவும் செலவில்லை.

காலம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1882–83, 1932–33, பிறகு 1957–58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டு, 2007–08 என்று வந்த வரிசையில் ஐந்தாவது பன்னாட்டுத் துருவ ஆண்டு 2032–33இல் திட்டமிடப்பட்டிருக்கிறது. இன்று முனைவர் பட்டத்தில் சேருபவர் அப்போது தன் பெயரில் சிறு திட்டம் ஒன்றை நடத்தும் வயதில் இருப்பார். எந்தப் பகுதியில் எதை அளப்பது என்ற பேச்சு ஸ்கார், ஐ.ஏ.எஸ்.சி. கூட்டங்களில் இப்போதே தொடங்கிவிட்டது. அந்தக் குழுக்களுக்கு இளையோர் பிரதிநிதிகளைக் கேட்டு வரும் அறிவிப்புகளை ஏபெக்ஸ் தன் மடலில் அனுப்புகிறது. சேரும் முதல் மாதத்திலேயே அந்த மடலுக்குப் பதிந்துகொள்ளுங்கள். அடுத்து வரும் அறிவிப்புக்கே விண்ணப்பியுங்கள், பட்டம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.